பரணில் இல்லாத போர்வை

என் அக்காவின் கணவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஏசி மெக்கானிக் என்பதால் எல்லோருக்கும் அவர் 'கூலிங்'. "கூலிங் வந்தாச்சா?", "கூலிங்குக்கு ஒரு போன் போடு" என்பார்கள். ஆள் என்னவோ அப்படியொன்றும் குளிர்ச்சியானவர் இல்லை. எதற்கெடுத்தாலும் பதறுவார். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் அண்ணாந்து சுவரைத்தான் பார்ப்பார், அங்கே ஏசி என்ன நிலைமையில் இருக்கிறதென்று. என் கல்யாணத்தன்று வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்கச் சொன்னால், ஸ்டூல் போட்டு ஏறி மண்டப ஏசிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். போட்டோவில் எங்களோடு அவர் இல்லை, அவருடைய கால்கள் மட்டும் ஓர் ஓரத்தில் இருக்கின்றன.

தொழிலில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏசியைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது உள்ளேயிருந்து வரும் அழுக்கை வீட்டுக்காரரிடம் காட்டாமல் விடமாட்டார். ஃபில்டரையும், உள்ளே சுற்றுகிற அந்த நீள உருளையையும் கையில் ஏந்திக்கொண்டு போய் அவர்கள் மூக்குக்கு நேராக நீட்டுவார். "பாருங்க, இத்தனை நாளா இதைத்தான் சுவாசிச்சிருக்கீங்க" என்பார். அவர்கள் முகத்தைச் சுளித்தால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "கண்ணால பாத்தாத்தான் வேலை செஞ்சோம்னு நம்புவாங்க" என்று எனக்கு விளக்கம் வேறு சொல்லியிருக்கிறார்.

அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களிடம் "இது உங்களுக்கு நல்லாயில்லை, கழட்டி வையுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். அவள் சொன்னதைத்தான் வாங்கிக்கொண்டு போவார்கள். வீட்டிலும் அதே வாய்தான். காலையில் கண் விழித்ததிலிருந்து அத்தானைத் திட்டிக்கொண்டே இருப்பாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு, ஸ்க்ரூவை டம்ளரில் போட்டு வைத்ததற்கு, கூப்பிட்டால் ஏன் என்று கேட்காததற்கு. அவரும் "சரி சரி" என்றபடியே அடுத்த தப்பைச் செய்வார். பிள்ளை இல்லாத வீடு, ஆனால் சத்தத்துக்குக் குறைவில்லை.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவள் தடுமாறினால் நான் காலை அழுத்தி வண்டியை நிறுத்திவிட்டு, நன்றாக நாலு வார்த்தை கேட்பேன். அழுதவர்கள் உண்டு, மறுநாளே திரும்பி வந்தவர்களும் உண்டு. எங்கள் பரம்பரை வாய் அது.

அக்காவின் கால்களில் நீலம் நீலமாகக் கன்றிய தடங்கள் வர ஆரம்பித்தபோது, அவள் அத்தானுடைய டூல்ஸ் பெட்டியைத்தான் குற்றம் சொன்னாள். "வழியெல்லாம் இறைச்சு வெச்சா கால் வேற எப்படி இருக்கும்?" என்று குதித்தாள். அவர் பெட்டியைத் தூக்கி பால்கனியில் வைத்தார். தடங்கள் நிற்கவில்லை. கையிலும் வந்தன. பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் வந்து நிற்காமல் போனதும்தான் மருத்துவமனைக்குப் போனார்கள். ரத்தப் பரிசோதனை செய்தவர்கள் வீட்டுக்கே அனுப்பவில்லை, அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள்.

ரத்தப் புற்றுநோய் என்று சொன்ன டாக்டரம்மா நல்ல பொறுமைசாலி. எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கினார். அத்தான் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்போ சரி பண்ணிடலாம்ல?" என்றார்.

"முயற்சி பண்ணலாம். முதல்ல மருந்து கொடுத்து நோயைக் கட்டுப்படுத்தணும். அப்புறம் பொருத்தமான ஒருத்தர்கிட்டேருந்து எலும்பு மஜ்ஜை எடுத்து இவங்களுக்குக் கொடுக்கணும். ரத்தம் ஊறுற இடமே புதுசாகும்."

"கம்ப்ரெசரை மாத்தற மாதிரி" என்றார் அத்தான். அவர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது. மாற்ற முடிகிற ஒன்று என்று தெரிந்தால் போதும் அவருக்கு. கட்டிலில் கிடந்தபடியே அக்கா, "இவரை யாராவது வெளியே கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள்.

கூடப் பிறந்தது நான் ஒருத்திதான். என் ரத்தம் அவளுக்கு முழுதாகப் பொருந்திவிட்டது. அந்தச் சேதியைச் சொல்லப் போனபோது, தலைமுடியெல்லாம் கொட்டி, உதடு வெடித்துப் படுத்திருந்தவள் சிரித்தாள். "வாயும் கோபமும்தான் ஒத்துப்போகும்னு நெனச்சேன். ரத்தமுமாடி?" என்றாள். நான் அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். என் உடம்புக்குள் இருக்கிற ஒன்று அவளைப் பிழைக்க வைக்கும் என்றால், அது எப்படியும் நடந்தே தீரும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சளி பிடிக்கக் கூடாதென்று பார்த்துப் பார்த்து நடந்தேன். காரில் யாராவது தும்மினால் கண்ணாடியை இறக்கிவிட்டு அவளை முறைப்பேன்.

முதல் சுற்று மருந்திலேயே நோய் அடங்கியது. இன்னொரு சுற்றும் கொடுத்தார்கள். அந்த மருந்து நோயோடு சேர்த்து நல்ல அணுக்களையும் அழித்துவிடும், அதனால் சில வாரங்களுக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று ஒன்றே இருக்காது. அதைத் தாண்டிவிட்டால் மஜ்ஜை மாற்று சிகிச்சை, தேதிகூடக் குறித்துவிட்டார்கள். அதுவரை எந்தக் கிருமியும் அண்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் வரிசையாகச் சொன்னார்: தண்ணீரைக் கொதிக்க வைக்கணும், வெளி ஆட்களை உள்ளே விடக் கூடாது, மாஸ்க் போடணும், பூந்தொட்டி வேண்டாம், அறை சுத்தமா இருக்கணும்.

அத்தான் இவற்றில் எதையாவது விட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது, எல்லாவற்றையும் செய்தார். கதவுக் கைப்பிடியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை துடைத்தார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் 'சுத்தம்' என்ற சொல் அவர் மண்டைக்குள் வேறு மாதிரி இறங்கிவிட்டது. வெயில் கொளுத்திய நாட்கள் அவை. அக்கா படுத்திருந்த அறையின் ஏசியை ரொம்ப நாளாகப் போடவில்லை. ஊரில் இருக்கிற ஏசியெல்லாம் அவர் கையால் பளபளத்தது, சொந்த வீட்டு ஏசிக்கு மட்டும் அவருக்கு நேரம் கிடைத்ததே இல்லை. அதை அப்படியே ஓடவிட்டால் உள்ளே இருக்கிற அழுக்குக் காற்று அவள் மூக்கில் போகுமே என்று அவருக்குப் பயம். அதனால் கழற்றினார்.

அந்த மத்தியானம் நான் போய்ச் சேர்ந்தபோது வேலை பாதி நடந்திருந்தது. ஸ்டூல் மேல் அத்தான் நிற்கிறார். அக்கா கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மாஸ்க் தாடைக்கு இறங்கியிருக்கிறது.

"ஏன் இங்கேயே உக்காந்திருக்கே? ஹாலுக்கு வரலாம்ல?" என்றேன்.

"ஒரு மாசமா சுவரையே பாத்துட்டுக் கிடந்தேன்டி. இவர் வேலை செய்யறதையாவது பாக்கறேனே" என்றாள்.

அவளைப் போகச் சொல்லி அவரும் ஒரு தடவை சொல்லியிருக்கிறார், அவள் கேட்கவில்லை. அதற்கு மேல் அவளிடம் சொல்ல அவரால் எந்தக் காலத்திலும் முடிந்ததில்லை. உள் உருளையை வெளியே இழுத்தார். இறக்கை இறக்கையாகக் கறுப்புப் படிந்து ஈரப் பிசுபிசுப்போடு இருந்தது. இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு ஸ்டூலிலிருந்து இறங்கி, நேராக அவளிடம் போய் நீட்டினார்.

"பாரு. இதையா நீ சுவாசிக்கணும்?"

அக்கா குனிந்து பார்த்தாள். "அடப்பாவி மனுஷா! ஊரான் வீட்டுக்கெல்லாம் உபதேசம், நம்ம வீட்டுல இப்படியா வெச்சிருக்கீங்க?" என்று ஆரம்பித்தவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். நோய் வந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான். அவர் எல்லாவற்றையும் கழுவி மாட்டி, தரையைத் துடைத்து, அவளுக்குப் படுக்கை விரிப்பை மாற்றிவிட்டு ஏசியைப் போட்டார். சில்லென்று வந்தது. அக்கா நன்றாகத் தூங்கினாள்.

கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது. கூடவே வறட்டு இருமல், நெஞ்சில் ஒரு குத்தல். ராவோடு ராவாக மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எந்த மருந்துக்கும் காய்ச்சல் இறங்கவில்லை. நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலில் பூஞ்சை.

டாக்டரம்மா வந்து சொன்னபோது அறையில் அக்காவும் நானும்தான் இருந்தோம். அத்தான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்.

"வீட்டுல ஏதாவது தூசி கிளம்பற வேலை நடந்ததா? பழைய சாமான் எடுத்தீங்களா, சுவர் இடிச்சாங்களா, ஏசி, ஃபேன் ஏதாவது கழட்டினாங்களா?"

அந்தக் கறுப்பு உருளையும், குனிந்த அவள் முகமும் கண்ணெதிரே வந்து நின்றன. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினாள்.

"நான்தான் டாக்டர். பரண் மேல ஒரு பழைய போர்வை கிடந்தது. அதை எடுத்து உதறினேன்."

டாக்டரம்மா அவளைக் கடிந்துகொண்டார். இவ்வளவு படித்துப் படித்துச் சொன்னோமே என்றார். பிறகு, இதெல்லாம் காற்றில் எங்கேயும் இருப்பதுதான், அந்தப் போர்வையிலிருந்துதான் வந்தது என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். நுரையீரல் சரியாகும்வரை மாற்று சிகிச்சையைத் தள்ளிவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு மூடியதும் நான் அக்காவைப் பார்த்தேன். "எதுக்கு இப்படிப் பொய் சொன்னே?"

"அவர் மேல எனக்குக் கோபம் இல்லைன்னு நெனைக்காதே" என்றாள். மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "இருக்கு. நெஞ்சு முழுக்க இருக்கு. ஆனா இது தெரிஞ்சா அந்த மனுஷன் அப்படியே உக்காந்துடுவாரு. அப்புறம் என்னை யாரு தூக்கறது, யாரு பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறது? எனக்கு அவர் வேணும்டி. நீ வாயைத் திறக்காதே."

நான் திறக்கவில்லை. ஆனால் அன்று முதல் அத்தானைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் பற்றி எரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று துடித்தேன். அழுக்கைக் கொண்டுபோய் அவள் மூக்குக்கு நேரே நீட்டினீர்களே, உங்களுக்கு அறிவு எங்கே போனது என்று கேட்க வேண்டும். தனியாக வண்டி ஓட்டும்போது அந்த வார்த்தைகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன்.

போர்வை விஷயத்தை டாக்டரம்மா அவரிடமும் சொல்லியிருக்கிறார், இனி பழைய துணி எதையும் அவங்களைத் தொட விடாதீங்க என்று. மறுநாள் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போகும்போது என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். நான் அலமாரியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டூலைப் போட்டுப் பரணைத் திறந்தார். உள்ளே செம்புக் குழாய்ச் சுருள்கள், காலி கேஸ் சிலிண்டர், பழைய மோட்டார்கள் இரண்டு. எல்லாம் அவருடைய சாமான்கள்தான். அந்தப் பரணில் ஒரு நாளும் துணி வைத்ததில்லை, கிரீஸ் பட்டுவிடும் என்று அக்கா வைக்க விடமாட்டாள். அவர் கையை விட்டு மூலைவரை துழாவிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு இறங்கினார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

"போலாமா?" என்றார். போனோம்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பூஞ்சைக்கு மருந்து மெதுவாகத்தான் வேலை செய்தது. அது முழுதாகப் போகாமல் அடுத்த சுற்று மருந்து கொடுக்க முடியாது என்றார்கள். மருந்து கொடுக்காமல் இருந்த இடைவெளியில் அடங்கியிருந்த நோய் மறுபடி தலை தூக்கியது. நான் டாக்டரம்மாவின் அறை வாசலில் போய் நின்றேன்.

"என்கிட்டேருந்து எடுத்துக் கொடுத்துடுங்களேன். எவ்வளவு வேணும்னாலும் எடுங்க."

"எடுக்கறது கஷ்டமில்லம்மா. அதை வாங்கிக்கற நிலைமையில அவங்க உடம்பு இல்லை. இப்போ செஞ்சா, அந்த சிகிச்சையிலேயே போயிடுவாங்க."

தலைகீழாக நின்றாலும் நடக்காது என்று புரிந்தது. சளி பிடிக்காமல் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்தேனே இந்த உடம்பை, எதற்கு? அவளுக்கு வேண்டியது எனக்குள் இருக்கிறது, ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள், கொடுக்க வழியில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் காலுக்குக் கீழே பிரேக் இல்லை. நான் அந்த வராந்தாவில் நின்று சத்தம் போட்டு அழுதேன். யாரும் தடுக்கவில்லை, அங்கே அது பழக்கம்தான் போலிருக்கிறது.

அத்தான் உட்கார்ந்துவிடவில்லை. அக்கா நினைத்தபடியே எல்லாம் செய்தார். தூக்கினார், துடைத்தார், வாயில் தண்ணீர் விட்டார், கால் பிடித்துவிட்டார். அவளிடம் போர்வையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் ஏசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அங்கே, ஜன்னலைத் திறந்து வைத்த அறையில், மழை வரப்போகிற ஒரு காலையில் அக்கா போய்விட்டாள்.

சில மாதங்கள் கழித்து அவர் மறுபடி வேலைக்குக் கிளம்பினார். இப்போது ஏசியைக் கழற்றும் முன் வீட்டில் ஒருவரையும் அறைக்குள் விடுவதில்லையாம். கதவு இடுக்கில் ஈரத்துணி வைத்து அடைக்கிறாராம். வெளியே எடுக்கிற அழுக்கை அங்கேயே பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிடுகிறாராம். "முன்னெல்லாம் காட்டுவீங்களே கூலிங்? உண்மையிலேயே சுத்தம் பண்ணினீங்களா?" என்று ஒரு வீட்டுக்காரம்மா சந்தேகப்பட்டுச் சண்டைக்கு வந்தாராம். என் காரில் கற்றுக்கொள்கிற பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே இதைச் சொன்னாள். அவளுடைய மாமியார்தான் அந்த வீட்டுக்காரம்மா.

போன வாரம் அவருடைய ஸ்கூட்டர் நின்றுபோனது. போகிற வழியில் இறக்கிவிடச் சொல்லி போன் செய்தார். டூல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் யாரும் இல்லாத நேரம். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"உன்கிட்ட ஏதாவது சொன்னாளாம்மா?"

"எதைப் பத்தி?"

"என்னைப் பத்தி."

எத்தனை மாதமாகக் காத்திருந்த இடம் இது. இப்போது சொல்லலாம். நெஞ்சு முழுக்கக் கோபம் இருந்தது என்று அவள் சொன்னதையும், என் பங்குக்கு நான் சேர்த்து வைத்திருப்பதையும் சேர்த்தே சொல்லலாம். நான் ரோட்டைப் பார்த்தபடி, "இல்லை அத்தான். உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலை" என்றேன்.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே சொல்லலை."

அவர் தலையை ஆட்டினார். "பரண்ல போர்வையே கிடையாது. அவ யாருக்காகச் சொன்னான்னு எனக்குத் தெரியும். அன்னிக்கே கேட்டிருக்கணும். பயந்துட்டேன்" என்றார். பிறகு, "அதுக்கப்புறம் அவ என்னைத் திட்டவே இல்லைம்மா. ஈரத் துண்டை அவ கட்டில் மேலயே போட்டுப் பாத்தேன். வேணும்னே போட்டேன். எடுத்து ஓரமா வெச்சுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டா" என்றார்.

நான் வண்டியை ஓரம் கட்டினேன். ஓட்ட முடியவில்லை.

"நீயாவது திட்டிடும்மா" என்றார் அத்தான். "உனக்குத்தான் நல்லா வருமே. அவளுக்கும் சேத்துத் திட்டிடு."

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கைகளை மடியில் கட்டிக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராக அவர் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். மாதக்கணக்காகச் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.